பேராசிரியர்கள் பெற்றவையும் விட்டுச் சென்றவையும்



பல்கலைக்கழகக் கல்வியியல் துறையினர் பெற்ற கௌரவங்களும் சாதனைகளும் பற்றிப் பேசும்படி இவ்வறக்கட்டளையினர் என்னைக் கேட்டார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர் ஒரு பெயர்ப்பட்டியலோடு வருவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இன்னார் இந்தப் பட்டம் பெற்றார், இன்னார் அந்த ஆணைக்குழுவில் இருந்தார் என்று வாசித்து முடித்தால் அரை மணி நேரத்தில் தேநீருக்குப் போய்விடலாம். அப்படி வாசிக்கத் தகுந்த பெயர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஆனால் கல்வியியல் மற்றத் துறைகளைப் போன்றதன்று. பௌதிகவியல் பேராசிரியரின் கண்டுபிடிப்பைப் பௌதிகவியலாளர்கள் மதிப்பிட்டால் போதும். கல்வியியல் பேராசிரியரின் வேலை சரியா பிழையா என்று சொல்லும் உரிமை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கும் உண்டு. அந்த உரிமையை நாம் அதிகம் பயன்படுத்தியதில்லை என்பதே என் குறை. ஆகவே அவர்கள் பெற்றவற்றைச் சுருக்கமாகவும், விட்டுச் சென்றவற்றைச் சற்று விரிவாகவும் பேச விரும்புகிறேன்.

பல்கலைக்கழக உலகில் முதல் கௌரவம் பதவிதான். விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர் என்று படிகள் உண்டு. ஓய்வுக்குப் பின் தகைசார் பேராசிரியர் என்ற மதிப்பும் சிலருக்குக் கிடைக்கும். மேற்படிகளுக்குப் போகப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு புள்ளித் திட்டம் வைத்திருக்கிறது. கற்பித்தலுக்கு ஒரு பகுதி, ஆராய்ச்சிக்கும் படைப்புக்கும் ஒரு பகுதி, அறிவைப் பரப்புவதற்கும் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆற்றிய பணிக்கும் ஒரு பகுதி. காகிதத்தில் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. நடைமுறையில் ஆராய்ச்சிப் பகுதியே ஆளைத் தூக்கிவிடுகிறது. அதிலும் வெளிநாட்டு ஆங்கிலச் சஞ்சிகையில் வந்த கட்டுரை.

தேசிய விருதுகளின் கதை இன்னும் வேடிக்கையானது. 1986 முதல் நாட்டில் வழங்கப்படும் கௌரவங்களில் வித்யாஜோதியும் வித்யாநிதியும் விஞ்ஞானத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் உரியவை. கலாகீர்த்தி, கலாசூரி இரண்டும் கலை, பண்பாடு, நாடகம் சார்ந்தவை. பாடசாலைப் பிள்ளை எப்படிக் கற்கிறது என்று முப்பது ஆண்டு ஆராய்ந்தவரை எந்தப் பெட்டியில் போடுவது? பொதுச் சேவைக்கான தேசமான்ய, தேசபந்து என்ற பெட்டிகள் இருக்கின்றன. அங்கே அவர் வர்த்தகர்களோடும் நிர்வாகிகளோடும் வரிசையில் நிற்க வேண்டும். பாடசாலை ஆசிரியருக்காவது ஒக்டோபர் 6 ஆம் திகதி ஆசிரியர் தினத்தையொட்டிக் கல்வி அமைச்சின் குரு பிரதீபா பிரபா இருக்கிறது. அந்த ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தவருக்கென்று நாட்டில் தனிக் கௌரவம் ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. இதை நான் முறைப்பாடாகச் சொல்லவில்லை. கல்வியியல் ஒரு தனி அறிவுத்துறை என்பதை நம் நாடு இன்னும் முழுமனதோடு ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை 1949 இல் தொடங்கியது. முதற் பேராசிரியர் டி. எல். கிரீன் என்ற ஆங்கிலேயர். அவருக்குப் பின் 1957 இல் ஜே. ஈ. ஜயசூரிய அந்தக் கதிரைக்கு வந்தார். 1918 இல் பிறந்தவர், கணிதம் படித்தவர், பன்னிப்பிட்டி தர்மபால வித்தியாலயத்தில் அதிபராக இருந்து, பிறகு பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. வகுப்பறை முதலில், அதிபர் மேசை இரண்டாவது, பேராசிரியர் கதிரை கடைசியில். இன்று கல்வியியல் துறைக்கு வரும் இளைஞர்களில் எத்தனை பேர் இந்த வழியில் வருகிறார்கள் என்று துறைத்தலைவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஜயசூரிய பெற்ற கௌரவங்களை எண்ணுவது எளிது. 1961 இல் அமைக்கப்பட்ட தேசிய கல்வி ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். அது அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. 1971 இல் பல்கலைக்கழகத்தை விட்டபின் யுனெஸ்கோவில் ஆசிய வட்டாரத்துக்கான மக்கள்தொகைக் கல்வி ஆலோசகராக இருந்தார். 1991 இல் மறைந்தார். அவர் பிறந்த நாளான பெப்ரவரி 14 ஐ ஒட்டி அவர் பெயரில் நினைவுப் பேருரைகள் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன.

ஆனால் அவர் விட்டுச் சென்றவற்றில் எது இன்னும் உயிரோடிருக்கிறது? ஆணைக்குழு அறிக்கையைத் தேடிப் படிப்பவர் குறைவு. அறிக்கைகளின் தலைவிதி அது. அரசாங்கம் மாறும், அலுமாரி மாறும், தூசி மாறாது. சிங்களத்தில் அவர் எழுதிய வீஜகணிதப் பாடநூலால் ஒரு தலைமுறையே கணிதம் கற்றது. ஒரு பேராசிரியர் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குப் புத்தகம் எழுதுவதை இன்றைய புள்ளித் திட்டத்தில் யாரும் பெரிய சாதனையாகக் கொள்ளமாட்டார்கள். இன்னொன்று, பிரித்தானியர் ஆட்சிக் காலத்து இலங்கையின் கல்விக் கொள்கைகளையும் முன்னேற்றத்தையும் பற்றி 1976 இல் அவர் வெளியிட்ட தடித்த ஆங்கில நூல். 1796 முதல் 1948 வரையான காலத்தை அறிக்கை அறிக்கையாகப் புரட்டி எழுதியது. இலங்கைக் கல்வி வரலாற்றில் எவர் எதை எழுதினாலும் அந்த நூலின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நூலுக்கு என்ன பரிசு கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு விடயத்தை இங்கே, மாத்தளையில் நின்றுகொண்டு, சொல்லாமல் போக முடியாது. ஜயசூரிய ஆணைக்குழு அமைந்த அதே காலத்தில், 1960 இலும் 1961 இலும் வந்த சட்டங்களால், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. நாட்டின் கல்வி முகமே மாறியது. தோட்டப் பாடசாலைகள் அந்த மாற்றத்துக்கு வெளியே நின்றன. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் மீது சுமத்திய கடமை அப்படியே அவர்கள் கையில் கிடந்தது. கந்தேநுவரையிலும் எல்கடுவையிலும் பண்டாரபொலையிலும் இருந்த பிள்ளைகளுக்குப் பாடசாலை என்பது ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு ஒரு முற்றுப்புள்ளி. இலவசக் கல்வி 1945 இல் வந்தது என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இல். இடையிலுள்ள முப்பத்திரண்டு ஆண்டுகளைப் பேராசிரியர்களின் சாதனைப் பட்டியலில் எங்கே எழுதுவது? குற்றம் அவர்களுடையது மட்டுமல்ல, அரசியலுடையது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட வாக்கு என்ற காரணமும் இல்லாமல் போயிற்று. இந்தியாவுடனான 1964 ஒப்பந்தத்துக்குப் பின் பாதி வகுப்பு அங்கே போகக் காத்திருக்கும்போது பாடத்திட்டம் பற்றி யார் பேசுவார்கள்?

தமிழ்ப் பக்கத்தில் ஒருவரைச் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். கே. நேசையா. யாழ்ப்பாணத்தில் பாடசாலை ஆசிரியராக இருந்து, பேராதனையில் கல்வித்துறை விரிவுரையாளரானவர். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் காலத்து இலட்சியவாதி. 1945 இல், கல்வியில் தாய்மொழியின் இடத்தையும் தேசிய மொழிக் கொள்கையையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அந்த ஆண்டைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அரசாங்க சபையில் மொழித் தீர்மானம் வந்து, சிங்களத்தோடு தமிழும் சேர்க்கப்பட்டது. கற்பிக்கும் மொழியும் ஆளும் மொழியும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதை அந்த நேரத்திலேயே கண்டு எழுதியவர் நேசையா. 1983 இல் வெளிவந்த அவருடைய இன்னொரு நூல் இலங்கையில் கல்வியையும் மனித உரிமையையும் சேர்த்துப் பார்த்தது. அந்த ஆண்டில் நாடு எங்கே நின்றது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நேசையாவை நான் நினைப்பது பதவியால் அல்ல. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அது செல்வாக்காக இருந்த காலத்திலும் ஆபத்தாக மாறிய காலத்திலும் விடாமல் வைத்திருந்தார் என்பதால். கல்வியியலாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தோன்றவில்லை. புள்ளித் திட்டத்தில் இதற்கு ஒரு நிரல் கிடையாது.

மலையகத்துக்கு வருவோம். தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போவதே செய்தியாக இருந்த காலத்திலிருந்து, மலையகத்தவர் ஒருவர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் பீடாதிபதியாகும் காலம் வரை நாம் வந்திருக்கிறோம். பேராசிரியர் சோ. சந்திரசேகரனைச் சொல்கிறேன். அவருடைய ‘இலங்கை இந்தியர் வரலாறு’ கல்வியியல் நூல் அல்ல. ஆனால் ஒரு கல்வியியல் பேராசிரியர் தம் மக்களின் வரலாற்றைத் தாமே எழுதியாக வேண்டியிருந்தது என்பதில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தை. தனராஜ் இன்னொருவர். மலையகக் கல்வி பற்றித் தமிழில், பத்திரிகை வாசகருக்கும் புரியும்படி எழுதியதும் பேசியதும் இவர்களின் பெரும் பணி. 2004 முதல் கொழும்பிலிருந்து வந்த ‘அகவிழி’ போன்ற ஆசிரியர் சஞ்சிகைகளைப் புரட்டினால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த கல்வியியல் பேராசிரியர்கள் ஆசிரியர்களுக்காகத் தமிழில் எழுதியவற்றைப் பார்க்கலாம். ஒரு தலைமுறை ஆசிரியர்கள் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குப் படித்தது அந்தக் கட்டுரைகளைப் பிரதி எடுத்துத்தான்.

அந்தக் கட்டுரைகளுக்குப் பதவி உயர்வில் எவ்வளவு எடை? இங்குள்ளவர்களுக்குக் கொழுந்து நிறுக்கும் முறை தெரியும். குறித்த கிலோ வந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். அந்த மலையில் யார் கவ்வாத்து வெட்டினார், யார் கான் வெட்டினார் என்று தராசு கேட்காது. தமிழில் ஆசிரியர்களுக்காக எழுதிய பேராசிரியர்கள் பலருக்கு விழுந்தது அரைப் பேர்தான்.

இதிலே ஒரு முரண் இருக்கிறது. ரொனால்ட் டோர் என்ற பிரித்தானிய சமூகவியலாளர் 1976 இல், சான்றிதழ் மோகத்தை ஒரு நோயென்றே பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். பிரித்தானியா, ஜப்பான், கென்யா ஆகியவற்றோடு அவர் எடுத்துக்கொண்ட நாடு இலங்கை. தாமதமாக வளரத் தொடங்கும் நாடுகளில் வேலைக்குக் கேட்கும் தகுதி ஏறிக்கொண்டே போகும், கல்வி பரீட்சையாகச் சுருங்கிப் போகும் என்பது அவர் வாதம். நம் கல்வியியல் துறைகளில் அந்த நூலைக் கற்பிக்கிறோம். கற்பித்துவிட்டு, அடுத்த பதவி உயர்வுக்குச் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்குகிறோம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்காகப் பிள்ளையை ரியூசனுக்கு இழுத்துக்கொண்டு ஓடும் தாயைக் குறைசொல்ல எங்களுக்கு என்ன அருகதை?

வெளிநாட்டவரின் பங்கையும் சொல்லியாக வேண்டும். இலண்டன் கல்வி நிறுவகத்தின் பேராசிரியர் ஏஞ்சலா லிற்றில், இலங்கைத் தோட்டங்களையும் அவற்றின் மக்களையும் கல்வியையும் பற்றி 1999 இல் ஒரு முழு நூல் வெளியிட்டார். தோட்டக் கல்வியின் வளர்ச்சியை வகுப்பறைக்குள் மட்டும் தேடாமல் அரசியலிலும் பொருளாதாரத்திலும் தேடியவர் அவர். அரசு பொறுப்பேற்றபின் சுவீடன் நாட்டு உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் வந்தன. ஜேர்மன் உதவியோடு 1990 களின் தொடக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. இந்த மண்டபத்தில் இருக்கும் இளைய ஆசிரியர்களில் அங்கே படித்தவர்கள் இருப்பீர்கள். எந்தப் பேராசிரியரின் விருதையும்விட அந்தக் கல்லூரி மலையகக் கல்வியை அதிகம் மாற்றியது என்பது என் கணிப்பு. பயிற்சி பெற்ற ஆசிரியர் மலைக்கு மேலே நிலையாக நின்றால்தான் பிள்ளை நிலையாக நிற்கும்.

அதற்கும் எதிர்க்கதை உண்டு. 2014, 2015 காலத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் அளவில் ஆசிரிய உதவியாளர்கள் எடுக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாதக் கொடுப்பனவு 6000 ரூபா. உயர்தரம் முடித்த அந்தப் பிள்ளைகள் பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டு வகுப்பெடுத்தார்கள். 1966 ஒக்டோபர் 5 ஆம் திகதி, ஆசிரியர்களின் தகுநிலை பற்றிய பரிந்துரையை யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் தாபனமும் ஏற்படுத்தின. உலக ஆசிரியர் தினம் அந்த நாளில்தான் வருகிறது. ஆசிரியரின் சம்பளம் அவருடைய பணியின் முக்கியத்துவத்தைக் காட்ட வேண்டும் என்கிறது அந்தப் பரிந்துரை. கல்வியியல் துறைகள் அந்த 6000 ரூபாவைப் பற்றி எவ்வளவு உரக்கப் பேசின என்பது எனக்கு இன்னும் உறுத்தும் கேள்வி.

மாத்தளைக்கு இந்தப் பேச்சில் ஒரு தனி உரிமை உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்கள் தம்புள்ளையைக் கடந்து மலையேறிய வாசல் இது. அந்த வழியை நினைவூட்டி 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 ஆம் திகதி இதே ஊரில்தான் முடிந்தது. நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கல்வியும் இருந்தது. மறுபக்கத்தில், நகரிலிருந்து வடக்கே சற்றுத் தூரத்தில் அலுவிகாரை. வாய்வழியாகக் காக்கப்பட்ட திரிபிடகம், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சத்துக்கும் போருக்கும் பயந்து, ஓலையில் ஏறிய இடம். ஐந்நூறு பிக்குகள் எழுதினார்கள் என்பது மரபு. அவர்களில் ஒருவர் பெயரையும் நாம் பொதுவாக நினைவில் வைத்திருக்கவில்லை. அறிவைக் கைமாற்றும் வேலை அப்படியும் நடந்திருக்கிறது. அதற்காகப் பேராசிரியர்கள் பெயரில்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பெயரும் வேண்டும், சம்பளமும் வேண்டும்.

நான் கேட்பது வேறு. பேராதனை, கொழும்பு, திறந்த பல்கலைக்கழக நூலகங்களில் கல்வி முதுமாணி ஆய்வேடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மலையகப் பாடசாலைகளைக் களமாகக் கொண்டவை அவற்றில் உண்டு. இடைவிலகல், தோட்டப் பெற்றோரின் ஈடுபாடு, கணிதத்தில் அடைவு, இரண்டாம் மொழி கற்பித்தல் என்று தலைப்புகள் போகும். தரவு சேகரிக்க வந்தபோது அதிபர் தேநீர் கொடுத்தார், ஆசிரியர்கள் வினாக்கொத்தை நிரப்பினார்கள், பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். ஆய்வு முடிந்தது, பட்டம் கிடைத்தது, மேற்பார்வையாளரின் கோப்பில் ஒரு வரி ஏறியது. பாடசாலைக்கு என்ன திரும்பி வந்தது? தம் பாடசாலை பற்றிய ஆய்வின் முடிவு தமக்குத் தெரியும் என்று சொல்லக்கூடிய அதிபர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால் பேச்சு முடிந்ததும் என்னிடம் வாருங்கள், மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்கிறேன்.

ஆகவே இவ்வறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் பேச்சாளருக்குப் பொன்னாடையும் நினைவுச் சின்னமும் தருகிறீர்கள். எனக்கும் சற்று முன்பு போர்த்தினீர்கள். அன்புக்கு நன்றி, வீட்டில் அலுமாரி நிறைந்துவிட்டது. அடுத்த ஆண்டு முதல் அந்தப் பணத்தை வேறு வழியில் செலவிடுங்கள். மாத்தளை மாவட்டப் பாடசாலைகளைப் பற்றிய ஓர் ஆய்வேட்டைத் தெரிந்தெடுத்து, அதை எழுதியவரிடமோ மேற்பார்வை செய்த பேராசிரியரிடமோ முப்பது பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ ஆகிய நான்கு வலயங்களிலும் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளுக்குப் பிரதிகள் அனுப்புங்கள். அந்தப் பேராசிரியரை அழையுங்கள். நகரத்துக்கு மட்டுமல்ல, இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்கும் அழைத்துப் போய், ஆசிரியர்கள் முன்னால் தம் முடிவுகளைச் சொல்லச் செய்யுங்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகள் எந்தச் சர்வதேச மாநாட்டிலும் கேட்கப்படமாட்டா.

தெரிவு செய்ய ஒரு சிறு குழு போதும். ஓர் ஆசிரிய ஆலோசகர், ஓர் அதிபர், ஒரு பெற்றோர். அந்தப் பெற்றோர் தோட்டத்திலிருந்து வருபவராக இருந்தால் நல்லது. சுருக்கத்தை வாசித்துக் காட்டியதும் அவருக்கு விளங்கினால் அச்சுக்குக் கொடுக்கலாம். விளங்காவிட்டால் எழுதியவருக்கே திருப்பி அனுப்புங்கள், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும் சரி.